நன்றி நவில் வாரத்து அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து: மவுயி, பஹாமாஸ், வேகஸ் – எதைப் பார்ப்பது, எதை நம்புவது?

மூன்றாம்நாள் – நவம்பர் 17, 2025

இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. 24ஆம் தேதி திங்கட்கிழமை ஹவாயியின் மவுயித் தீவுப் போட்டியும் லாஸ் வேகஸ் போட்டியும் ஒரே நாளில் தொடங்குகின்றன, 26 அன்று பஹாமாஸில் அட்லாண்டிஸ் போட்டி. அதற்கும் முன்னால், இந்த வியாழன் 20ஆம் தேதியே பஹாமாஸின் பஹா மார் விடுதியில் பர்டூ, மெம்பிஸ், டெக்சஸ் டெக், வேக் ஃபாரஸ்ட் நான்கும் மோதுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரத்துக்காகவே விடுப்பு எடுத்து வைப்பவன் நான். அதனால் இழையை நானே தொடங்குகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டிகளில் யார் கோப்பை வாங்கினார்கள் என்பதைவிட, மூன்றாம் நாள் ஆட்டத்தை எப்படி ஆடினார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். முதல் ஆட்டத்துக்கு மாதக்கணக்கில் தயாராகலாம். எதிரி யார் என்று கோடையிலேயே தெரியும், வீடியோ எல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். இரண்டாம் நாளுக்குத் துணைக் கோச்சுகள் ஆளுக்கொரு சாத்தியமான எதிரியைப் பிரித்துக்கொண்டு முன்கூட்டியே குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். மூன்றாம் நாளில் அதெல்லாம் தீர்ந்துபோகும். ராத்திரி ஹோட்டல் அறையில் உட்கார்ந்து வீடியோ வெட்டி, காலையில் விருந்து மண்டபத்துத் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, எதிரணியின் நாலைந்து ஆட்ட அமைப்புகளை மட்டும் நடந்து காட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான். கால் கனக்கும், பெஞ்சில் எட்டாவது ஒன்பதாவது ஆளையும் நம்பியாக வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தில் ஓர் அணிக்கு உண்மையில் எது கைவந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

2010 மவுயியை மறக்கவே முடியாது. தரவரிசையில் இடமே இல்லாத கனெக்டிகட், பிக் ஈஸ்ட் லீக்கில் பத்தாவதாக வரும் என்று கோச்சுகளே கணித்த அணி. அதன் வீரர் கெம்பா வாக்கர் விச்சிட்டா ஸ்டேட்டுக்கு எதிராக 31 புள்ளி, மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 30, இறுதியில் கென்டக்கிக்கு எதிராக 29. மூன்றாம் நாளில் 84-67. அதே ஆள் அடுத்த மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த லீக் கோப்பைப் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று காட்டினார், அப்புறம் தேசியக் கோப்பையும் வந்தது. நவம்பரில் பார்த்தவர்களுக்கு மார்ச்சில் வியப்பில்லை.

உங்கள் கணிப்புகளைப் போடுங்கள்.

ரட்கர்ஸ்_குமரன்

அண்ணா, நான் இங்கே முதுகலை சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், கூடைப்பந்து புதிது. எங்கள் பல்கலைக்கழகம் வேகஸ் போகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அடிப்படையே புரியவில்லை. பருவம் தொடங்கி மூன்று வாரமே ஆகும் நேரத்தில் ஏன் எல்லோரும் தீவுக்கும் சூதாட்ட நகரத்துக்கும் பறக்கிறார்கள்? லீக் ஆட்டங்கள் ஜனவரியில்தானே சூடுபிடிக்கும் என்கிறார்கள்?

பழையஆட்டம்

குமரன் தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைப் போட்டி என்பது டிவிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. ஓக்லஹோமா சிட்டியில் ஆல்-காலேஜ் போட்டி 1936லேயே தொடங்கிவிட்டது. வட கரோலைனாவின் ராலியில் என்.சி. ஸ்டேட் கோச் எவரெட் கேஸ் 1949இல் டிக்சி கிளாசிக் ஆரம்பித்தார். உள்ளூர் நான்கு அணிகள், வெளியிலிருந்து வரும் நான்கு அணிகள், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மூன்று நாள். ஊரே அந்த அரங்கில்தான் கிடக்கும். ஆட்டத்தைப் பணத்துக்காக வளைத்த ஊழல் 1961இல் வெளியே வந்ததும் அதை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஹாலிடே ஃபெஸ்டிவல். 1964 டிசம்பர் 30 அன்று பிரின்ஸ்டனின் பில் பிராட்லி ஒரு பக்கம், மிச்சிகனின் காஸி ரஸ்ஸல் மறு பக்கம். பிராட்லி 41 புள்ளி போட்டுவிட்டு ஐந்தாவது ஃபவுலில் வெளியே போகிறார், பிரின்ஸ்டன் 12 புள்ளி முன்னிலை, ஐந்து நிமிடம்கூட மீதி இல்லை. மிச்சிகன் 80-78 என்று ஜெயித்துவிட்டது. ஒரே ஆள் ஓர் அணியை எவ்வளவு தூரம் சுமந்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தீவுக்குப் போகும் பழக்கத்துக்கு ஒரு விதிதான் காரணம். அமெரிக்கப் பெருநிலத்து 48 மாநிலங்களுக்கு வெளியே ஆடும் ஆட்டங்கள், ஒரு பருவத்துக்கு இத்தனை ஆட்டம்தான் என்ற வரம்பில் அன்று சேரவில்லை. இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது அலாஸ்கா ஆங்கரேஜ். 1978இல் அவர்கள் தொடங்கியதுதான் கிரேட் அலாஸ்கா ஷூட்அவுட். நவம்பர் குளிரில் பெரிய பெரிய அணிகள் அங்கே போய் ஆடின.

மவுயியின் கதை இன்னும் அழகு. 1982 டிசம்பர் 23, ஹொனலூலு. நாட்டின் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா, ஏழடி நாலங்குல ரால்ஃப் சாம்ப்சனோடு ஜப்பானில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில் இறங்கி, ஷாமினாட் என்ற சின்னஞ்சிறு கத்தோலிக்கக் கல்லூரியோடு ஓர் ஆட்டம் ஆடியது. ஷாமினாட் அப்போது கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வில்கூட இல்லை. 77-72, ஷாமினாட் வெற்றி. அந்த ஒரு ராத்திரியின் புகழில்தான் 1984இல் மவுயி இன்விடேஷனல் பிறந்தது. இப்போது ஓராண்டு விட்டு ஓராண்டு ஷாமினாட்டுக்கு அதில் இடம் உண்டு. இந்த ஆண்டு ஆடுகிறார்கள், முதல் நாள் வாஷிங்டன் ஸ்டேட்டோடு.

கணக்குப்பிள்ளை

பழையஆட்டம் சொன்னது வரலாறு. இன்றைய காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் குமரன்.

மார்ச்சில் தேசியக் கோப்பைப் போட்டிக்கு 68 அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, ஒவ்வொரு வெற்றியையும் நான்கு தட்டாகப் பிரித்துப் பார்க்கும். மேல்தட்டு வெற்றி என்றால் சொந்த அரங்கில் முதல் 30 இடத்துக்குள் இருக்கும் அணியை வெல்ல வேண்டும், பொது அரங்கில் முதல் 50க்குள், எதிரியின் அரங்கில் முதல் 75க்குள். தீவும் வேகஸும் எல்லோருக்கும் பொது அரங்கு. பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரியின் ஊருக்குப் போய் ஆடவே மாட்டார்கள், தோற்றால் கேவலம் என்று பயம். ஆக கொலராடோ ஸ்டேட், வி.சி.யு. போன்ற அணிகளுக்கு நவம்பரில் இந்த மூன்று நாள்தான் வாசல். இங்கே விட்டால் மார்ச்சில் குழுவின் முன் காட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் மூன்றாம்நாள், உங்கள் கட்சியில் எனக்குப் பாதிதான் சம்மதம். மார்ச் போட்டியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டம், அடுத்த சுற்றுக்கு நாலைந்து நாள் இடைவெளி. அடுத்தடுத்து மூன்று நாள் ஆடுவது அங்கே கிடையாது. களைப்பில் த்ரீ பாயிண்டர் விழாமல் போவதை வைத்து அணியின் குணத்தை எடை போடுவது நியாயமில்லை. 2019 அட்லாண்டிஸை எடுங்கள். தரவரிசையில் இல்லாத மிச்சிகன், கோச் ஜுவான் ஹவர்டின் முதல் பருவம், ஐயோவா ஸ்டேட், வட கரோலைனா, கொன்சாகா என்று மூன்றையும் வீழ்த்தி நேராக நாலாம் இடத்துக்குப் போனது. நீங்கள் சொல்லும் மூன்றாம் நாளில்தான் கொன்சாகாவை வென்றார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? பிக் டென் லீக்கில் பத்து வெற்றி, பத்துத் தோல்வி.

மூன்றாம்நாள்

பிள்ளை, 2019 உதாரணம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்ச்சில் ஒரு வார இறுதியின் இரண்டாவது ஆட்டத்துக்கு ஒரே ஒரு நாள்தான் தயாரிப்பு நேரம். அந்தத் திறமையை முன்கூட்டிப் பார்க்க நவம்பரை விட்டால் வேறு எங்கே வாய்ப்பு? லீக் ஆட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கோப்பைக் கணக்கையும் பாருங்கள். 2017இல் அட்லாண்டிஸ் வென்ற வில்லனோவா 2018இல் சாம்பியன். 2018இல் அதே கோப்பையை வென்ற வர்ஜீனியா 2019இல் சாம்பியன். 2022இல் போர்ட்லாண்டில் வென்ற கனெக்டிகட் 2023இல். கடந்த ஆண்டு ஆர்லாண்டோ பக்கம் நடந்த போட்டியை வென்ற ஃபுளோரிடா இந்த ஏப்ரலில். மவுயியில் மட்டும் வட கரோலைனா 2004, 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் வென்று, அந்த மூன்று முறையும் அடுத்த வசந்தத்தில் தேசியக் கோப்பையைத் தூக்கியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

2021இல் கான்சஸ் அதே ஆர்லாண்டோவில் டேட்டனிடம் கடைசி நொடிக் கூடையில் 74-73 என்று தோற்றது. 2022 சாம்பியன் யார்? கான்சஸ். நல்ல அணி நவம்பரிலும் பெரும்பாலும் நன்றாகவே ஆடும் என்பதற்கு மேல் இந்தப் பட்டியல் எதையும் சொல்லவில்லை.

ஆன்ஆர்பர்_செல்வி

உங்கள் இருவர் வழக்கும் நடுவில் நிற்கட்டும், எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மிச்சிகனைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

எங்கள் முன்வரிசை முழுக்கப் புதிது. யாக்செல் லெண்டபர்க் யு.ஏ.பி.யிலிருந்து, மொரெஸ் ஜான்சன் இலினாயிலிருந்து, ஆடாய் மாரா யு.சி.எல்.ஏ.விலிருந்து. பந்தை எடுத்து வருபவர் எலியட் கடோ, வட கரோலைனாவிலிருந்து. கோச் டஸ்டி மே கோடையில் சேர்த்த கூட்டம் இது. முதல் ஆட்டத்தில் ஓக்லாண்டுக்கு எதிராக 121 அடித்தபோது ஆகாயத்தில் இருந்தேன். அப்புறம் வேக் ஃபாரஸ்டிடம் ஓவர்டைம் வரை போய் 85-84. டி.சி.யு.வில் 67-63. இரண்டும் வெற்றிதான், ஆனால் இரண்டிலும் கடைசி நிமிடங்களில் யார் பந்தை எடுப்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது வேகஸில் முதல் நாள் சான் டியேகோ ஸ்டேட். தடுப்பாட்டத்தில் பிடித்தால் விடாத அணி. மறுநாள் ஆபர்ன்.

மூன்றாம்நாள் அண்ணா சொல்வது இங்கே எனக்குப் பொருந்துகிறது. முன்பெல்லாம் மூன்று நான்கு வருடம் சேர்ந்து ஆடிய பையன்கள். இப்போது வீரர்கள் எளிதாகக் கல்லூரி மாறும் இடமாற்றச் சந்தை வந்தபின் ஒரே கோடையில் அணி கட்டுகிறார்கள். இந்தப் பையன்கள் ஒருவரை ஒருவர் இன்னும் தெரிந்துகொள்ளவே இல்லை. மூன்று ராத்திரி ஒரே ஹோட்டலில் இருந்து ஆடினால்தான் அது நடக்கும்.

சின்னஅரங்கு

எல்லோரும் வேகஸையே பேசுகிறீர்கள். நான் மவுயிக்காகப் பேசுகிறேன்.

லஹைனா சிவிக் சென்டரில் 2,400 இருக்கைதான். வெளியே வந்தால் கடல். சில உயர்நிலைப் பள்ளி அரங்குகளே அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்தச் சின்ன இடத்தில்தான் 2018 இறுதி ஆட்டத்தில் சயன் வில்லியம்சன் ஆடிய டியூக்கை கொன்சாகா 89-87 என்று வென்றது. டியூக் அதுவரை மவுயியில் ஆடிய 17 ஆட்டங்களில் ஒன்றைக்கூட இழந்ததில்லை. 2023 ஆகஸ்டில் லஹைனா எரிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பழைய ஊர் சாம்பலாயிற்று. அந்த ஆண்டு ஹொனலூலுவில் ஆடினார்கள், பர்டூ வென்றது. 2024இல் திரும்பி வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் அரங்கில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு வேறு எந்த ஆட்டமும் தேவைப்படவில்லை.

ஆனால் ஆட்டமும் சாதாரணமாகவா இருந்தது? தொடர்ந்து இரண்டு முறை தேசிய சாம்பியனான கனெக்டிகட் மூன்று நாளில் மூன்று தோல்வி. மெம்பிஸிடம் ஓவர்டைமில் 99-97. கடைசி நிமிடத்தில் சமநிலையில் இருந்தபோது கனெக்டிகட் கோச் டான் ஹர்லி நடுவரிடம் கொதித்து டெக்னிக்கல் ஃபவுல் வாங்க, மெம்பிஸ் வரிசையாக நான்கு ஃப்ரீ த்ரோ போட்டது. மறுநாள் கொலராடோவிடம் ஒரு புள்ளியில், மூன்றாம் நாள் டேட்டனிடம் 85-67. கோப்பை ஆபர்னுக்கு.

இந்த ஆண்டுப் பட்டியலில் யார்? யு.எஸ்.சி., பாய்ஸி ஸ்டேட், என்.சி. ஸ்டேட், சீட்டன் ஹால், டெக்சஸ், அரிசோனா ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஷாமினாட். நல்ல அணிகள்தான், ஆனால் நாட்டின் முதல் பத்தில் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு மவுயி நடப்பது எனக்கு வலிக்கிறது.

கணக்குப்பிள்ளை

வலிக்கிறது என்றால் காரணத்தையும் சொல்ல வேண்டும். வேகஸ் போட்டியான பிளேயர்ஸ் எரா 2024இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. வரும் ஒவ்வோர் அணியின் வீரர்களுக்கும் மொத்தமாகப் பத்து லட்சம் டாலர். முதல் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் ஓரிகன் அலபாமாவை 83-81 என்று வென்றது. இரண்டாம் ஆண்டிலேயே 18 அணிகள்: ஹூஸ்டன், மிச்சிகன், கொன்சாகா, கான்சஸ், அலபாமா, டென்னஸி, ஐயோவா ஸ்டேட், செயின்ட் ஜான்ஸ், ஆபர்ன், கிரைட்டன்… முழுப் பட்டியலை எழுதினால் பக்கம் போதாது. ஆடுகிற பையன்களுக்குப் பணம் போகிறது. இத்தனை ஆண்டு டிவியும் ஹோட்டலும் சம்பாதித்தபோது அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பூமாலையும் நீச்சல்குளப் படமும்தான். இதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

சின்னஅரங்கு

பையன்களுக்குப் பணம் கிடைப்பதை நானும் மனதார வரவேற்கிறேன். என் குறை அமைப்பின் மேல். 18 அணி, வென்றவர் மேலேறும் பிராக்கெட் கிடையாது. முதல் இரண்டு ஆட்டம் முன்பே போட்டு வைத்தது. அப்புறம் வெற்றிக் கணக்கு, அது சமமானால் புள்ளி வித்தியாசம், அதை வைத்து இறுதியில் யார் என்று முடிவு. இரண்டு ஆட்டமும் வென்றும் ஓர் அணி இறுதிக்குப் போகாமல் நிற்கலாம். மவுயியில் ஜெயித்தால் மேலே போவாய், தோற்றால் கீழே போவாய், எட்டு அணிக்கும் மூன்று ஆட்டம். குழந்தைக்கும் புரியும்.

பழையஆட்டம்

புள்ளி வித்தியாசத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இருபது புள்ளி முன்னிலையில் கடைசி ஐந்து நிமிடம் என்றால், கோச் முதல் ஐவரை உட்கார வைத்துப் புதுப் பையன்களை இறக்குவார், அதுதான் மரியாதை. அந்த ஐந்து நிமிடத்துக்காகத் தாய் தகப்பன் விமானம் ஏறி வந்திருப்பார்கள். வேகஸில் அந்த ஐந்து நிமிடமும் கணக்கு. உட்கார வைக்க மனம் வருமா?

நான் சொன்ன அலாஸ்கா ஷூட்அவுட் 2017இல் பணமில்லாமல் நின்றுபோனது. பெரிய அணிகள் வருவது குறைந்தது, கூட்டம் குறைந்தது, முடிந்தது. மவுயிக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் சின்னஅரங்கு பதறுகிறார். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது.

மூன்றாம்நாள்

எனக்கும் வேகஸ் அமைப்பில் அதே குறைதான். ஆனால் முதல் நாள் ஆட்டங்களைப் பார்த்தால் வாய் ஊறுகிறது என்பதையும் மறைக்க முடியாது. கொன்சாகா-அலபாமா. அலபாமா இந்த மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் செயின்ட் ஜான்ஸை 103-96 என்று ஓட வைத்தது, அப்புறம் சொந்த ஊரில் பர்டூவிடம் 87-80 என்று தோற்றது. ஐயோவா ஸ்டேட்-செயின்ட் ஜான்ஸ், அங்கே ஒவ்வொரு பந்துக்கும் தரையில் விழுந்து புரள்வார்கள். ஹூஸ்டன்-சிரக்கூஸ். மறுநாள் ஹூஸ்டன்-டென்னஸி, தடுப்பாட்டம் பிடிக்கும் என்றால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோச் கெல்வின் சாம்ப்சனின் ஹூஸ்டன் நேற்றுதான் பர்மிங்ஹாமில் ஆபர்னை ஒரே புள்ளியில் தாண்டியது.

கான்சஸ் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம். டேரின் பீட்டர்சன் பின்தொடைத் தசைப்பிடிப்பால் வெளியே இருக்கிறார். அவர் இல்லாத கான்சஸை வைத்து ஒன்றும் முடிவுகட்ட வேண்டாம்.

ரட்கர்ஸ்_குமரன்

எங்களைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! டென்னஸியோடு முதல் ஆட்டம். வாய்ப்பு உண்டா?

கணக்குப்பிள்ளை

கஷ்டம் தம்பி, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் அணியின் கடந்த ஆண்டுக் கதை இந்த இழைக்கே பாடம். டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பேர், பின்னால் என்.பி.ஏ. தேர்வில் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் போனவர்கள். வேகஸில் ஹார்ப்பர் நோட்டர் டேமுக்கு எதிராக 36, அலபாமாவுக்கு எதிராக 37. முதலாவதை ஓவர்டைமில் ஒரு புள்ளியில் வென்றார்கள், அடுத்த இரண்டிலும் போராடித் தோற்றார்கள். பருவம் 15 வெற்றி, 17 தோல்வியில் முடிந்தது, மார்ச் போட்டிக்கே போகவில்லை. இரண்டு பேர் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் ரீபவுண்ட் எடுக்கவும் தடுக்கவும் மற்ற மூவர் வேண்டும். அது அந்த மூன்று நாளிலேயே தெரிந்தது… சரி, மூன்றாம்நாள், உங்கள் கட்சிக்கு நானே ஓர் உதாரணம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இந்த ஆண்டும் இரண்டாம் நாள் உங்களுக்கு நோட்டர் டேம்தான். அதைப் பாருங்கள், சமமான ஆட்டம்.

மூன்றாம்நாள்

பிள்ளை, எடுத்துக்கொண்டேன்.

ஓரத்தில்_மீனா

பெண்கள் ஆட்டத்தை ஒருவரும் தொடவில்லை, அதனால் உள்ளே வருகிறேன். 26ஆம் தேதி அதே வேகஸில் நான்கே அணிகள்: தென் கரோலைனா-டியூக், டெக்சஸ்-யு.சி.எல்.ஏ. மறுநாள் வென்றவர் வென்றவரோடு. நான்கில் மூன்று அணிகள் நாட்டின் முதல் நான்குக்குள் பருவத்தைத் தொடங்கியவை. 18 அணி, புள்ளி வித்தியாசம் என்ற குழப்பம் எதுவும் இல்லை, சின்னஅரங்கு கேட்கும் எளிய பிராக்கெட் இங்கேதான் இருக்கிறது. ஆண்கள் போட்டியின் எந்த நாளைவிடவும் அந்த இரண்டு நாள் தரம் கூடியது என்று நான் நினைக்கிறேன்.

சின்னஅரங்கு

மீனா அக்கா, நன்றி, குறித்துக்கொண்டேன். டெக்சஸ்-யு.சி.எல்.ஏ. கண்டிப்பாகப் பார்ப்பேன்.

ஆண்கள் டெக்சஸுக்கும் ஒரு கதை இருக்கிறது. மவுயியில் முதல் நாள் அரிசோனா ஸ்டேட்டோடு. இதில் டெக்சஸும், வாஷிங்டன் ஸ்டேட்டிடம் ஷாமினாட்டும் தோற்றால் மறுநாள் டெக்சஸ்-ஷாமினாட். 2012இல் இதே அரங்கில் ஷாமினாட் டெக்சஸை 86-73 என்று வென்றது. கோச் ஷான் மில்லருக்கு டெக்சஸில் இது முதல் பருவம். அவர் அரிசோனாவில் இருந்தபோது 2017 அட்லாண்டிஸில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் இரண்டாம் இடம், அணியின் டிஆண்ட்ரே ஏட்டன் தான் பிறந்த மண்ணில் ஆடுகிறார், ஊரே பார்க்க வந்தது. என்.சி. ஸ்டேட், எஸ்.எம்.யு., பர்டூ என்று மூன்று நாளும் தோல்வி, தரவரிசையிலிருந்தே வெளியே. அந்தத் தீவுக் காயத்தோடு இந்தத் தீவுக்கு வருகிறார். என் கணிப்பு: யு.எஸ்.சி. அல்லது என்.சி. ஸ்டேட்.

பழையஆட்டம்

அட்லாண்டிஸை ஒரு வரியில் கடந்துவிடுகிறேன்: வாண்டர்பில்ட், செயின்ட் மேரிஸ், வி.சி.யு., கொலராடோ ஸ்டேட் நான்கில் யார் வந்தாலும் வியப்பில்லை. ஹோட்டலின் விருந்து மண்டபத்தை அரங்காக்கி ஆடுகிறார்கள், கூரை தாழ்வு, வெளிச்சம் மங்கல், வெளியிலிருந்து போடும் பந்து பழகும்வரை தவறும். முதல் நாள் ஸ்கோரை வைத்து யாரையும் திட்டாதீர்கள்.

ஆன்ஆர்பர்_செல்வி

என் முடிவு இது. திங்கட்கிழமை சான் டியேகோ ஸ்டேட்டை ஐந்து புள்ளியில் வென்றால் போதும். கடைசி நான்கு நிமிடம் கடோ பந்தை எடுத்து வருகிறாரா, லெண்டபர்க் கையில் போகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஆபர்னில் இப்போது கோச்சாக அப்பா புரூஸ் பெர்ல் இல்லை, செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார், மகன் ஸ்டீவன்தான் கோச், ஆனால் ஹூஸ்டனோடு ஒரு புள்ளி வரை போன அணியை எளிதாக நினைக்க மாட்டேன்.

ரட்கர்ஸ்_குமரன்

எங்கே பார்ப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். விடுதி அறையில் நாலு பேர் சேர்கிறோம், ஒருவன் மட்டும்தான் கேபிள் வைத்திருக்கிறான்.

மூன்றாம்நாள்

வேகஸ் ஆட்டங்கள் டி.என்.டி. குழும சானல்களில், மவுயி ஈ.எஸ்.பி.என். சானல்களில். கேபிள்காரப் பையனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் மதியமே மவுயி தொடங்கிவிடும், வகுப்பு இருந்தால் முதல் ஆட்டத்தை விட்டுவிடுங்கள், ராத்திரி ஆட்டங்களுக்கு முன்னால் ஒரு தூக்கம் போடுங்கள். ஹவாயியில் கடைசி ஆட்டம் தொடங்கும்போது உங்களுக்கு நள்ளிரவை நெருங்கியிருக்கும். திங்கள் இரவு முதல் நாள் ஸ்கோர்களை இதே இழையில் போடுகிறேன்.